பின்சந்தில் நடப்பவர்கள்

எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் கேட்டதில்லை. அதனால்தான் ஜப்பான்காரன் ஆட்சியில் ஒரு காலை, கையில் பட்டை கட்டிய தெருத்தலைவர் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் தெருவில் வீடு வீடாக ஏறி, "நடக்க வசதியா இருக்கா? பாதையில என்ன குறை?" என்று கேட்டபோது நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றேன். அவர் பின்னால் சுருட்டிய வரைபடத்தோடு ஒரு ஜப்பான்கார அதிகாரி. சிரித்த முகம். அந்தச் சிரிப்பைத்தான் முதலில் சந்தேகித்தேன்.

குறை இருந்தது. பெரிய சாலையில் ராணுவ லோரிகள் கோழிக்கும் நிற்காது, மனிதருக்கும் நிற்காது. சாலை முனையில் காவல் கொட்டகை. குனியாமல் போனால் அறை. குனிந்து போனாலும், ஆள் திடமாக இருந்தால், ரயில்பாதை போட சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள். என் கணவர் திடமான ஆள். டவுன் பக்கம் தெங்கெராவில் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலை. அவரும் எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் கோயிலுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே நெளியும் சந்தில்தான் போய்வந்தார்கள். ஈரமான, ஓர் ஆள் அகலச் சந்து. எங்கள் மூச்சு அந்த அகலத்தில்தான் ஓடியது.

"பின்னால சந்து ஒண்ணு இருக்கே, அதுல யாரு போறது?" என்றார் தலைவர்.

"யாரும் போறதில்லீங்க அண்ணே."

"உன் வீட்டுக்காரரு?"

"பெரிய ரோட்டுலதான்."

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டி அம்மாள். எங்களுக்கும் அவளுக்கும் கோயில் ஒன்று, பேச்சு மட்டும் வேறு; அவளுக்கு மலாய். வெற்றிலையை மென்றபடி "தா தாவு", தெரியாது என்றாள். அவள் மகன்கள் இரண்டு பேரும் சற்று முன்புதான் அந்தச் சந்தில் போயிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர், "சந்தா? எந்தச் சந்து?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டார்.

அதிகாரி போய்ப் பார்த்தார். முந்தின நாள் மழை. சேற்றில் வெறுங்கால் தடங்கள்தான், ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. எப்படி இருக்கும்? கோயில் சுவரை ஒட்டிய வழி. எங்கள் ஆண்கள் சந்து தொடங்கும் இடத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போய்த்தான் மாட்டுவார்கள். அதிகாரி சொன்னதைத் தலைவர் எங்களுக்குச் சொன்னார்: "டவுனுக்குப் போறவன் செருப்பு போட்டுல்ல போவான். இது சும்மா கோயிலச் சுத்துற காலாம். வழின்னு எடுத்துக்க முடியாதாம், அடைச்சிடணுமாம்."

மறுநாள் சந்தின் இரண்டு வாயிலும் முள்கம்பி.

கணவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்காரவும் முடியாது; வேலைக்குப் போகாதவனைத்தான் சயாமுக்கு முதலில் தேடி வருவார்கள். போனால் சாலை, போகாவிட்டால் வாசல். சந்து வேண்டும் என்று கேட்டால், அதில் ஆண்கள் நடந்ததை நானே சொன்னதாகும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"யாரும் போறதில்லன்னியே தங்கச்சி?"

"நான் போவேண்ணே. கங்கோங் கீரை பறிக்க."

"கீரை சைக்கிள் கடையிலயா முளைக்குது?"

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் காலை இரண்டு வாயிலும் கம்பி ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அறுபட்டிருந்தது.

கணவர் அதன் முன்னால் போய் நின்றார். "கேட்ட உடனே குடுத்துட்டானா?"

"ஆமா."

"ஏன்?"

அவரே கம்பியின் வெட்டு முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"ரோட்டுல புடிச்சா நாலு பேரு பாப்பாங்க. இதுக்குள்ள புடிச்சா உனக்குக்கூட தெரியாது" என்றவர் திரும்பிப் பெரிய சாலைக்கு நடந்தார். மற்ற ஆண்களும் அவருக்குப் பின்னால். கொட்டகை முன்னால் அவர் முதுகு வளைவதைப் பார்த்தேன், தேவைக்கு மேலேயே வளைந்தது. நடுவில் ஒரு லோரி வந்து மறைத்தது. அது கடந்துபோன பிறகு, தூசிக்குள் அவர் நடந்துகொண்டிருந்தார்.

மாலை வந்தார். சண்டை ஓயும்வரை பெரிய சாலையிலேயே போனார், அதிலேயே வந்தார். அறுத்த கம்பி வழியாகப் போனவை எதிர்வீட்டு ஆடுகள் மட்டும். ஒருநாள் அதில் ஒன்று திரும்பவில்லை. பசித்தவன் எவனோ பிடித்திருப்பான் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆளைப் பிடிக்க உள்ளே காத்திருந்தவன் கையில்தான் அது சிக்கியிருக்கும்.