ஜிம்மியின் சான்றிதழுக்காகக் கிண்ணியா வரை

வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். பேருந்துகள் தாராளமாக ஓடுகின்றன. ஆனால் நாயை ஏற்றுகிற பேருந்து இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் மரக்கறி லொறியில், பின்னால் கத்தரிக்காய் மூட்டைகள் குலுங்க, முன் ஆசனத்தில் நானும் மடியில் ஜிம்மியுமாக விடியற்காலையில் புறப்பட்டோம். ஜிம்மி சாதி நாயல்ல. மழையில் நனைந்து என் வீட்டுப் படலையடியில் வந்து படுத்த ஊர்நாய்.

நான் தபால் கந்தோரில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரே மகன் ரமணன் சுவிஸில் இருக்கிறான். அவனோடு போய் இருந்துவிட எனக்கு விசா வந்துவிட்டது. அடுத்த கிழமை விமானம். "ஜிம்மி வராட்டி நானும் வரேல்லை" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அவனும் "சரி அம்மா, கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றுவிட்டான். அன்றைக்கு மிருக வைத்தியரின் சுகநலச் சான்றிதழ் கிடைத்தால் இரண்டு பேரும் போவோம். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் வவுனியாவில்தான்.

நாயோடு வெளிநாடு போக நினைப்பவர்களுக்காகச் செலவைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். தோலுக்கடியில் வைக்கும் சிப் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா. அதற்குப் பிறகு போடும் விசர்நாய்த் தடுப்பூசி ஆயிரத்து எண்ணூறு. ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க ஜெர்மனிக்கு இரத்தம் அனுப்ப ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். முப்பது வருஷம் முத்திரை ஒட்டினவள் நான், இப்படி ஒரு தபால் செலவைக் கனவிலும் கண்டதில்லை! அதன்பிறகு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். கூடு நாற்பத்தெட்டாயிரம். விமானக் கட்டணம் இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரம். எனக்கு எடுத்த ரிக்கற் ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம்தான். வீட்டில் யாருக்கு மதிப்புக் கூட என்று இனிக் கேட்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் கடைசியில் வாங்கும் சான்றிதழ் வெறும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. ஆனால் அது இல்லாவிட்டால் கொழும்பில் முத்திரை குத்தமாட்டார்கள், மற்றதெல்லாம் தண்ணீரில் போட்ட காசு. பறப்பதற்கு முந்திய பத்து நாளுக்குள் எடுக்கவேண்டும். வைத்தியர் சிப் இலக்கத்தைத் தன் கருவியால் வாசித்து, தடுப்பூசி அட்டையில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்திடுவார். எங்கள் ஊரில் அந்தக் கருவி பழுதாகிக் கிடந்தது. திருகோணமலையில் இருக்கிறது என்றார்கள்.

காலை எட்டு மணிக்குச் சந்தையடியில் இறங்கினோம். இறங்கியதும் தெருவில் மான்! ஒன்று இரண்டல்ல, ஒரு கூட்டம். புள்ளி மான்கள் ஆடு மாடு போல நடந்துவந்து, மரக்கறிக் கடைக்காரர் எறிந்த முட்டைக்கோவா இலையை மென்றுகொண்டு நின்றன. ஒரு கொம்பன் பேருந்துக்கு வழிவிடாமல் நின்றது. சாரதி கோர்ன் கூட அடிக்கவில்லை. ஜிம்மி குரைக்கவேண்டும் என்பதையே மறந்து என் காலோடு ஒட்டிக்கொண்டான். நானும் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி நின்று பார்த்தேன்.

மிருக வைத்தியர் கந்தோரில் வேறு செய்தி காத்திருந்தது. "டொக்டர் இண்டைக்குக் கிண்ணியாவில. கருவியும் அவவோடதான். பகல் ஒரு மணி வரைக்கும் நிப்பா. நாளைக்குப் பயிற்சிக்குக் கொழும்பு போறா, வர ரெண்டு கிழமை ஆகும்" என்றார் அங்கிருந்தவர். இன்றைக்குப் பிடிக்காவிட்டால் அவ்வளவுதான்.

கிண்ணியா இருப்பது விரிகுடாவின் அடுத்த பக்கம், தெருவால் இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. முதல் ஓட்டோக்காரர் ஜிம்மியைக் கண்டதும் "ஏலாது" என்றார். இரண்டாமவர் "கடிக்குமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எண்டாலும் ஏலாது" என்றார். மூன்றாவது ஓட்டோவில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். முஸ்லிம் ஆள், நாயை ஏற்றச் சொல்லிக் கேட்பது சரியில்லை என்று நானே பேசாமல் கடந்து போனேன். அவர்தான் கூப்பிட்டார்.

"எங்க அக்கா போகணும்?"

"கிண்ணியாவுக்கு. ஆனா தம்பி, நாய்..."

"எனக்குக் கண் தெரியுது அக்கா." ஆசனத்துக்கடியிலிருந்து ஒரு தறப்பாளை எடுத்து விரித்தார். "ஈரம் படாட்டி ஒண்டுமில்ல. பட்டா கழுவுறது என்ட வேலை. ரெண்டாயிரம் தாங்க, ஏறுங்க."

பெயர் நசீர். கிண்ணியாக்காரர். முன்பு பாலம் இல்லாத காலத்தில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் ஊருக்குப் போகவேண்டும் என்றும், தள்ளிக்கொண்டு வரும் அந்த மிதவைக்காகக் காத்திருந்தே தன் வாப்பாவுக்கு நரை விழுந்தது என்றும் சிரிக்கச் சிரிக்கக் கதைத்தார். நானும் என் தபால் கந்தோர்க் கதைகளைச் சொன்னேன்.

சீனக்குடாப் பக்கம் தெரு வளைந்ததும் மரங்களுக்கு நடுவே துறைமுகம் தெரிந்தது. அடேயப்பா! நான் கடல் காணாதவள் அல்ல. ஆனால் மலை நேரே இறங்கி வந்து தண்ணீருக்குள் கால் வைக்கிற இடத்தை அன்றைக்குத்தான் கண்டேன். காட்டு மரங்களின் தலைக்கு மேலால் ஒரு கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. காட்டுக்குள் கப்பல் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"கரையோடயே ஆழம் அக்கா. எந்தப் பெரிய கப்பலும் இந்தா, கூப்பிடு தூரத்தில வந்து நிக்கும்."

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குளம்தான். அணைக்கட்டில் நின்றால் மறுகரையில் குளிப்பவர்களின் முகம் தெரியும். இங்கே நீலத்துக்குப் பின்னால் நீலம், அதற்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு குடா. காற்று இல்லாமல் அத்தனை தண்ணீரும் அசையாமல் கிடந்தது. எனக்குக் கைகூப்பவேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கூப்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஜிம்மி வாந்தி எடுத்தான். தறப்பாளில் எடுத்திருந்தால் பரவாயில்லை. தலையை நீட்டி, நசீரின் சட்டைக் கையிலும் ஆசனத்திலும் எடுத்தான். எனக்கு உயிர் போய்விட்டது. நசீர் கடல் தெருவுக்குக் கிட்ட வருகிற இடத்தில் ஓட்டோவை ஓரங்கட்டி, வாளியை எடுத்தார்.

"தம்பி, நான் கழுவுறன். என்ர நாய்."

"இதுக்கு ஒரு முறை இருக்கு அக்கா. நாயிட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும். அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால. இல்லாட்டி நான் இதில இருந்திட்டுத் தொழப் போக ஏலாது. நீங்க தண்ணி அள்ளித் தாங்க, போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டு நான் இறங்கி அள்ளினேன். முதல் தரம் கரையோர மண்ணைக் கரைத்துத் தேய்த்தார். பிறகு சுத்தத் தண்ணீர். சட்டையைக் கழற்றி அதற்கும் அப்படியே. எனக்கு முதுகு விட்டுப்போகும் போலிருந்தது. "ஆறு" என்றேன்.

"அஞ்சு" என்றார் நசீர். "தபால் கந்தோரிலயும் இப்படித்தான் எண்ணினீங்களா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் அவசரப்படவில்லை, அலுத்துக்கொள்ளவுமில்லை. இன்னொருத்தியின் நாய்க்காக இப்படி நின்று கழுவ ஒரு மனிதனுக்கு எங்கிருந்து பொறுமை வருகிறது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரச் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு ஓட்டோவை எடுத்தார்.

கிண்ணியாவில் டொக்டர் இன்னும் இருந்தா. இளம் பிள்ளை, சத்தம் போடாமல் கதைக்கிறவ. ஜிம்மியின் கண், பல், காது, வயிறு எல்லாம் பார்த்தா. "நல்ல சுகமா இருக்கிறார் அம்மா" என்றுவிட்டு, கருவியை எடுத்து அவன் பிடரியில் ஓட்டினா. சத்தமில்லை. திரும்பவும் ஓட்டினா. சத்தமில்லை.

"சிப் எங்க வைச்சவை?"

"பிடரியிலதான், டொக்டர். நான் பக்கத்தில நிண்டனான்."

"வாசிக்காட்டி நான் கையெழுத்து வைக்க ஏலாது அம்மா. புதுசா வைச்சு, ஊசியும் இரத்தமும் முதலில இருந்து தொடங்கவேணும்."

இனிச் சொல்லப்போவதை ரமணன் ஒருநாளும் வாசிக்கமாட்டான் என்று நம்பிச் சொல்கிறேன். அந்தக் கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வடிவான, முழுச் சந்தோஷம். எனக்குப் போகப் பயம். அந்தப் பாசை தெரியாது, பனி தெரியாது, அவனுடைய நாலாம் மாடி வீட்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது. நேரே சொல்ல வாய் வராமல்தான் நாயைச் சாக்காக வைத்தேன். அவன் மறுப்பான் என்று பார்த்தேன். அவனோ கேட்ட காசையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தான்.

டொக்டர் விடவில்லை. "சிலருக்கு இது இடம் மாறி ஓடும்" என்று சொல்லி, கருவியைத் தோளில், விலாவில், நெஞ்சில் என்று அங்குலம் அங்குலமாக ஓட்டினா. இடது முன்னங்கால் முழங்கையடியில் அது "கீக்" என்றது. திரையில் பதினைந்து இலக்கங்கள் வந்தன. அட்டையில் இருந்தவையும் அவைதான். ஒரு அரிசிமணி அளவு சாமான், தோலுக்கடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சாண் நடந்துபோய்ப் படுத்திருக்கிறது! நான் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. டொக்டர் கையெழுத்திட்டு முத்திரை குத்தித் தந்தா. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கட்டினேன்.

திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தில் நசீர் ஓட்டோவை நிறுத்தினார். "இதைப் பாக்காமப் போகக்கூடாது" என்றார். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் விரிகுடா. வெயிலில் கண் கூசக் கூச அந்தத் தண்ணீர் கடலை நோக்கித் திறந்து கிடந்தது. கைபேசி அடித்தது. ரமணன்.

"அம்மா, என்ன மாதிரி? கிடைச்சுதோ?"

சான்றிதழ் கைப்பைக்குள் இருந்தது. சிப் வாசிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் பேசாமல் இருந்ததை அவன் வேறு மாதிரி விளங்கிக்கொண்டான்.

"கிடைக்காட்டி யோசியாதேங்கோ அம்மா. திரும்பச் செய்வம். நீங்கள் ரெண்டு பேரும் வரும்வரைக்கும் இந்த வீட்டை நான் விடமாட்டன்."

"எந்த வீட்டை?"

"சொல்லேல்லைத்தான். முந்தின வீட்டுக்காரர் நாய் வைச்சிருக்க விடேல்லை. நீங்கள் ஜிம்மியையும் கூட்டிவரக் கேட்ட மாசமே வீடு மாறிட்டன். வேலைக்கு ரெயினில ஒன்றரை மணித்தியாலம், பரவாயில்லை. கீழ்வீடு அம்மா. கதவைத் திறந்தா புல்."

பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாகனங்கள் போக, பாலம் காலுக்கடியில் மெல்ல அதிர்ந்தது.

"கிடைச்சிட்டுது, ரமணா" என்றேன். "அந்தக் குளிருக்கு ஜிம்மிக்கு ஏதும் உடுப்புப் போடவேணுமோ?"

"ரெண்டு பேருக்கும் வாங்கி வைச்சிருக்கிறன், அம்மா."