மணி முகத்தைத் திருப்பிய தண்ணீர்

முட்டாள்தனத்துக்குப் பந்தயம் வைத்தால் கோப்பை எனக்குத்தான். ஆமத்தூர் நாய்ப் பந்தயத்தன்று, தெம்பு கூடும் என்று மூன்று பாக்கெட் ஓஆர்எஸ் பொடியை ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்தேன். எங்கள் சிப்பிப்பாறை நாய் மணி, முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். விடுவேனா? வாயைப் பிளந்து ஊற்றினேன்.

பாதி ஓட்டத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தான்.

நர்ஸான என் மனைவி ஓடிவந்தாள். என் சட்டைப் பையில் துருத்திய காலி பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டாள். "பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்னு போட்டிருக்குல்ல? கண்ணு எங்கன போச்சு?" என்று திட்டிக்கொண்டே அவனை நிழலுக்குத் தூக்கிப்போய், ஈரத்துணி போர்த்தி, வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து வாலாட்டினான்.

வேண்டாம் என்று அவன் அப்போதே சொல்லியிருந்தான். எனக்குத்தான் கோப்பை ஆசை. இவ்வளவு புரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அடுத்த பந்தயத்துக்கு விடலாமா?"

"அவன்கிட்டக் கேளுங்க."