வறண்ட கிணற்றுக்கு இறைத்த தண்ணீர்

கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்துப் பயிருக்கு விடுவதுதான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. இறைத்த தண்ணீரை இன்னொரு கிணற்றுக்குள் கொண்டுபோய் விட்டவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சர்க்கார் சொல்லிச் செய்தேன். இப்படிச் சொல்லிக்கொண்டால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் மண்வெட்டியைப் பிடித்த கை என்னுடையது.

முப்பதுகளின் தொடக்கம் அது. உடுமலைப்பேட்டை சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே எங்கள் தோட்டம். புகையிலையும் ராகியும் போட்டிருந்தேன். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. என் கிணற்றில் மட்டும் ஏதோ ஓர் ஊற்று அறுபடாமல் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தை மாதமே வறண்டுவிட்டது. அதன் சொந்தக்காரர் கோயமுத்தூரில் பஞ்சு வியாபாரத்தில் இருந்தார், நிலத்தை எட்டிப் பார்க்கவும் வருவதில்லை. மாசியில் என் வெள்ளாடு ஒன்று அந்தக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. படியில் இறங்கி நானே தூக்கிவந்தேன். அடியில் சேறுகூட இல்லை, வெறும் பாறை.

அந்தக் காலத்தில் தண்ணீர் இறைக்கக் கவலை ஏற்றம்தான். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கிக் கயிற்றை இழுக்க, கிணற்றுக்குள்ளிருந்து சால் என்கிற பெரிய வாளி நிறைந்து மேலே வரும். சாலின் அடியில் நீளமாகத் தோல் தைத்திருக்கும். அந்தத் தோல் கிழிந்தால் பயிர் பட்டினி. எங்கள் தோல் வேலை முழுக்க ஒரே ஆள் கையில் இருந்தது. ஊருக்குத் தெற்கே, ஓடைக்கு அப்பால் குடியிருந்தவர். அன்றைக்கு நானும் ‘அவன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

தோல் தைக்கிற நாளில் அவருக்கு மதியச் சோறு போட வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு கைப்பிடி புகையிலையைத் தோட்டக்காரன் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தடவை தோல் ஒழுகும் என்று கேலியாகச் சொல்வார்கள். அன்று புகையிலையை மடித்துக் கொடுக்க வாழைச் சருகு எதுவும் அகப்படவில்லை. கூரை எரவாணத்தில் ஒரு காகிதம் செருகியிருந்தது. சந்தையில் யாரோ ஒரு பையன் என் கையில் திணித்துவிட்டுப் போன நோட்டீஸ். கள்ளுக்கடைக்குப் போகாதீர்கள், சர்க்காருக்குப் பயப்படாதீர்கள் என்று அச்சடித்திருந்தது. படித்துவிட்டு அங்கே செருகி வைத்தவன் நான். அதில் மடித்துக் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. இடுப்பில் செருகிக்கொண்டு, ‘வாரேனுங்க’ என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் கள்ளுக்கடைச் சுவரில் அதே நோட்டீஸை யாரோ ஒட்டியிருந்தார்கள். போலீஸ்காரர்கள் அந்த வழியாகப் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சோதனை போட்டார்கள். படிக்கத் தெரியாத மனிதர் இடுப்பிலிருந்து சர்க்காரைக் கவிழ்க்கும் காகிதம் கிடைத்தது. யார் கொடுத்தது என்று கேட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் நான் வீட்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். யாரும் வரவில்லை. யாரும் வராததற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை.

நாலாம் நாள் செய்தி வந்தது. விசாரித்து விட்டுவிட்டார்களாம். வீட்டுக்குப் போகும் வழியில், கள் மயக்கத்தில், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து நீரில் மூழ்கி இறந்துபோனாராம். ஸ்டேஷனில் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் அந்தக் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வழியில் ஒரு கிணறு இருக்கிறது, கிணறு என்றால் தண்ணீர் இருக்கும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. எழுதிவிட்டால் எழுதியதுதான், யார் கேட்கப்போகிறார்கள்?

அவசர அவசரமாகப் புதைத்தும்விட்டார்கள். அவர் மனைவிக்கு முகத்தையும் பாதத்தையும் மட்டும் காட்டினார்களாம். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் என் தோட்டத்துக்கு வந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்றது.

“பாதமெல்லாம் வீங்கிப்போயிருந்துதுங்க பண்ணாடி. தண்ணியில உளுந்தா பாதம் அப்படி வீங்குமுங்களா?”

பண்ணாடி என்றால் எங்கள் பக்கம் நிலத்துக்காரர்.

“ரெண்டாம் நாளு சோறு கொண்டு போனனுங்க. பொகையில யாரு குடுத்ததுன்னு கேட்டுக் கேட்டு அடிக்கறாங்கன்னாரு. கீழ கெடந்துது, எடுத்தேன்னு சொல்லிப்போட்டாராமா.”

இதற்கு மேல் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. உங்களால்தான் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் என்று இருந்தது.

அன்று மத்தியானமே மனு எழுதினேன். கலெக்டருக்கு, பத்து வரி. ‘அந்தக் கிணற்றில் தை மாதம் முதல் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது’ என்ற வரியை மட்டும் அழுத்தி எழுதினேன். கீழே அந்த அம்மாளின் கைநாட்டு. என் பெயர் எங்கேயும் இல்லை. எழுத்தைக்கூடச் சாய்த்து மாற்றி எழுதினேன். எங்கள் தபால்காரருக்குத் தெரியக் கூடாது என்று கோயமுத்தூர் வரை வண்டி கட்டிக்கொண்டு போய் அங்கே தபாலில் போட்டேன். என் வீரம் அந்த மட்டில் இருந்தது.

ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு டெபுடி கலெக்டர் நேரில் வந்து விசாரிக்கப்போகிறார் என்று தகவல் வந்தது. அந்த அம்மாளுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. எனக்கும் சர்க்காரில் ஒரு கண் திறந்துதான் இருக்கிறது என்று தோன்றியது. அந்த விசாரணைக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு யாருக்கு வந்தது தெரியுமா? அடித்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டருக்கே. துரைக்கு நாற்காலி போடுவதும், சாட்சிகளைக் கூட்டிவருவதும், இடத்தைக் காட்டுவதும் அவர்தான். குற்றம் செய்தவனே விசாரணைக்குப் பந்தல் போடுகிற இந்த வழக்கத்தை எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு நாள் முன்னதாகக் காலையில் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். நான் போட்ட கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லியனுப்பினார். அதட்டல் உருட்டல் ஒன்றும் கிடையாது. எங்கள் சீமையில் கழுத்தை நெரிக்கிறவனும் ‘ங்க’ போட்டுத்தான் நெரிப்பான்.

“ஒரு சின்ன ஒத்தாசை பண்ணோணுமுங்க. அந்தப் பக்கத்துக் கெணத்துல ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் தண்ணி நிக்கோணும். உங்க கவலைய ஓட்டி, வாய்க்கால அந்தப் பக்கம் திருப்பியுட்டீங்கன்னாப் போதும்.”

“அதுல தண்ணியே இல்லீங்களே” என்றேன்.

“அதனாலதானுங்க கேக்கறேன்.”

சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்த நோட்டீஸ்தான், பழுப்பேறி மடிப்போடு மடிப்பாக இருந்தது.

“இன்னும் காரம் போகலீங்க. நானும் பண்ணயம் பாக்கற ஊட்டுப் பையன்தானுங்க. யாரு தோட்டத்துப் பொகையில இப்படி இருக்குமுன்னு மோந்தாத் தெரியாதுங்களா?”

காகிதத்தை மறுபடி பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் மாட்டைப் பிடிக்கப் போனேன்.

இரண்டு நாள் ஓட்டினேன். ஒளிவு மறைவு எதுவும் இல்லை, பட்டப்பகலில்தான். ஒரு கான்ஸ்டபிள் பனைமரத்தடியில் உட்கார்ந்து காவல் இருந்தார். வழியில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மணியகாரர் போகிற போக்கில், “என்ன, தண்ணி எங்கியோ போகுது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடையை எட்டிப் போட்டார். கண் முன்னால் பொய்யை உற்பத்தி செய்வதை ஊரே பார்த்தது. பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சாலின் தோல் அவர் தைத்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அந்த அம்மாள் வந்தது. சற்று நேரம் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றது. பிறகு குனிந்து, கையாலேயே கரையை உடைத்துத் தண்ணீரை என் ராகிப் பாத்திக்குத் திருப்பிவிட்டது. கான்ஸ்டபிள் எழுந்திருக்கக்கூட இல்லை. “கட்டுங்க” என்றார் என்னைப் பார்த்து. நான் மண்வெட்டியை எடுத்துக் கட்டினேன். அந்த அம்மாள் மறுபடி உடைத்தது. மறுபடி கட்டினேன். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் ஈரமண்தான்.

“உங்க ராகி காயுதுங்களே பண்ணாடி” என்றது. குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

மறுநாள் டெபுடி கலெக்டர் வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம் ஆள்தான், தலைப்பாகை கட்டிக் கோட்டு போட்டிருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். வாய்க்காலில் ஈரம் காயாமல் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நாற்காலிக்கு வந்தார். பூட்ஸில் சேறு ஒட்டியது, தரையில் தேய்த்துக்கொண்டார்.

மனுவை எடுத்து உரக்கப் படித்தார். என் வார்த்தைகளை அவர் வாயால் கேட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்ற இடத்தில் நிறுத்தி, “தண்ணீர்தான் இருக்கிறதே! இல்லை என்று பார்த்தவர் யாராவது உண்டா?” என்று அந்த அம்மாளைக் கேட்டார்.

அந்த அம்மாள் கூட்டத்தைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராக என்னைக் கைகாட்டியது.

“பண்ணாடி ஆடு உளுந்தப்ப எறங்கிப் பாத்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க சாமி.”

முந்தின நாள் நான் கரை கட்டியதைப் பார்த்த பிறகும் கையைக் காட்டியது. கான்ஸ்டபிள் எதிரில் குனிந்தவன் பெரிய துரை எதிரில் நிமிர்வான் என்று நினைத்ததோ என்னவோ. டெபுடி கலெக்டர் என் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“தண்ணி இருந்ததுங்க” என்றேன்.

“எவ்வளவு?”

“இடுப்பளவுங்க.”

கிணற்றில் தண்ணீர் விடுகிற ஒரு பொய்தான் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டிருந்தார். கேட்காமலே இரண்டாவதையும் கொடுத்தேன்.

குடித்தவனுக்கு இடுப்பளவு போதும் என்று சொல்லிக்கொண்டே டெபுடி கலெக்டர் எழுதினார். குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டிப் படித்தான். என் புருஷன் தானாகவே தவறி விழுந்து இறந்தான், அறியாமையால் மனுப் போட்டுவிட்டேன், யார் மேலும் எனக்குப் புகார் இல்லை என்று இருந்தது. அது முன்னாலேயே எழுதி வைத்திருந்த காகிதம், மை நன்றாகக் காய்ந்திருந்தது.

புகையிலை யார் கொடுத்தது என்று சொல்ல அந்த அம்மாளுக்கு ஒரு பேச்சுப் போதும். எதிரே எல்லாரும் இருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

“பண்ணாடியே சொல்லிப்போட்டாங்க. எங்க வெக்கோணும்னு காட்டுங்க.”

தலையாரி அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.