வாசலோரம் நின்றவர்

"ஊர்ல எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால் என் கணவரின் பார்வை முதலில் கேட்டவரின் முகத்துக்கும் பிறகு வாசலுக்கும் போகும். "பொள்ளாச்சிப் பக்கம்," என்று சொல்லிவிட்டுப் பேச்சை கிரீன் கார்டுக்குத் திருப்பிவிடுவார். தொண்ணூறுகளின் இறுதியில், டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு ஆன்ட்டியின் வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். ஊர் தெரிந்தால் தெருவைக் கேட்பார்கள், தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும் என்பது அவருடைய பயம். வீண் பயம் என்று என்னாலும் சொல்ல முடிந்ததில்லை. நாங்கள் இருவரும் ஒரே சேரியில் பிறந்தவர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் கறுப்பின மக்களின் வரலாற்றையும் இசையையும் பற்றிச் சனிக்கிழமைதோறும் கூட்டம் நடந்தது. பாட்டென்றால் உயிரை விடும் மகளோடு நானும் போனேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கறுப்பினப் பெண்மணி. இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டு, பருத்திக்காட்டில் குனிந்த முதுகோடு அதைப் பாடியவர்களின் கதையைச் சொல்வார். பிறகு எல்லோரையும் கைதட்டிப் பாடச் சொல்வார்.

கணவருக்குப் பிடிக்கவில்லை.

"நம்மள எதுக்கு அத்தனை ஆசையாக் கூப்பிடறாங்க? மதம் மாத்தற கூட்டமா இருக்கும்."

"பாட்டுத்தானுங்க கேக்கறோம்."

"நம்ம ஆளுங்க யாராச்சும் வர்றாங்களா?"

அவர் கேட்க நினைத்தது அதைத்தான். ஆன்ட்டியும் வருகிறார் என்றேன். அடுத்த சனிக்கிழமை, "நானே ட்ரைவ் பண்றேன்," என்று கிளம்பி வந்தார். உள்ளே உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றார். கண் ஆன்ட்டி மேலேயே இருந்தது.

அன்று ஆசிரியை பாட்டைப் பாதியில் நிறுத்தி, தன் சிறுவயதில் வெள்ளையருக்கு ஒன்றும் தங்களுக்கு ஒன்றுமாக இருந்த தண்ணீர்க் குழாய்களைப் பற்றிச் சொன்னார். நல்லவேளை, இந்தியாவில் இப்படியெல்லாம் கிடையாது என்று ஆன்ட்டி ஆங்கிலத்தில் சொன்னார்.

"எங்கள் ஊரில் உண்டு," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற அதே நிதானமான ஆங்கிலம். டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர், குடித்துவிட்டு நாங்களே கழுவி வைக்க வேண்டும், காலேஜில் படிக்கும்போதும் அப்படித்தான் குடித்தேன் என்றார். கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

ஆசிரியை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்த டீ எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

"நன்றாகத்தான் இருந்தது," என்றார் இவர். "அதுதான் கஷ்டம்."

திரும்பும்போது, ஏன் என்னிடம் சொல்லவேயில்லை என்று மகள் பின்சீட்டிலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீயாச்சும் ஆளப் பாத்ததும் சந்தேகப்படாம வளரணும்னுதான் கண்ணு," என்றார்.

அடுத்த மாதம் ஆன்ட்டி வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை. மறந்திருப்பார் என்றேன். "இருக்கும்," என்றார், நம்பாமல். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விருந்து நடந்த அந்தச் சனிக்கிழமை நாங்கள் நூலகத்தில் இருந்தோம். இந்த முறை அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுதி சேரவில்லை, கைதட்டலும் எல்லோருக்கும் கொஞ்சம் பின்னாலேயே வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.