விரல் அழுத்தியபோது ஊதிய டிரம்பெட்

இன்று ஸ்ரீபெரும்புதூர் கடையொன்றில் ஒரு கீபோர்டைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதிருந்து மனம் எண்பத்தேழாம் வருடத்திலேயே மிதந்துகொண்டிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் என் வலது கை விரல்களை நசுக்கியிருந்தது. காயம் ஆறியும் விரல்களில் தெம்பில்லை. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பதை விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பு, பாடகர் குழுவை நடத்திய சேவியர் அண்ணன் ஒரு சிந்தசைசர் கொண்டுவந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் தங்கை அனுப்பியது. கட்டையை ஓங்கி அடித்தால் டிரம்பெட், மெதுவாகத் தொட்டால் புல்லாங்குழல்.

பாலன் இயேசுவுக்குப் பாடும் தாலாட்டுப் பாட்டுக்குக் குழல் வேண்டும். யார் தொட்டாலும் டிரம்பெட்தான் வந்தது.

"நீ வந்து ஒரு தபா தொட்டுப் பாரும்மா."

"என் விரல்ல பலமே கெடையாதுண்ணா."

"பலம் வாணாம்னுதான சொல்லிக்கினு கீறேன்!"

தொட்டேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஊதுவதுபோல் குழல் வந்தது. விரலை எடுக்க மனமே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிந்ததும் வாசித்தேன்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை. தாலாட்டின் இரண்டாம் சரணம். கோயிலே கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று டிரம்பெட் ஊதியது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. சேவியர் அண்ணன் என்னை முறைத்தார்.

எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுத்தியது என் ஆள்காட்டி விரல். தெம்பு திரும்பியிருந்தது.

தப்பாக வாசித்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?