செத்திருக்க வேண்டிய செடி

முளைத்த பச்சைப்பயறைக் காட்டிப் பிள்ளைகளை ஒரு முடிவுக்கு வர வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பயறு பாடப்புத்தகம் படிப்பதில்லை என்பது, சக அறிவியல் ஆசிரியர்களே, உங்களுக்கும் தெரிந்த துயரம்.

அலமாரிக் கப்பு

ஏழாம் வகுப்பில் மூன்று காகிதக் கப்புகளில் பயறு போட்டோம். முளைத்தபின் ஒன்று ஜன்னலில், ஒன்று பூட்டிய அலமாரியில். மூன்றாவதும் ஜன்னலில்தான், ஆனால் 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்ற சீட்டோடு. ஒரு வாரம் கழித்து அலமாரியைத் திறந்தால், உள்ளே இருந்தது ஜன்னல் செடியைப் போல இரண்டு மடங்கு உயரம். வெளிறித் துவண்டிருந்தது, ஆனாலும் உயரம். நெம்மேலியிலிருந்து வரும் பவித்ரா, 'செடி உயரமாக வளர இருட்டு தேவை' என்று நோட்டில் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "மஞ்சளா இருக்கே, அது கண்ணுல படலையா?" என்றேன்.

"உயரத்ததான சார் அளக்கச் சொன்னீங்க. மஞ்சள அளக்க ஸ்கேல் எங்க கீது?"

தண்ணீர் இல்லாத கப்பு

மூன்றாவது செடி எப்போதோ வாடியிருக்க வேண்டும். அது தளதளவென்று நின்றது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம் கதவோரம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சம் அதற்கு ஊற்றிவிட்டுப் போனார்கள். கடைசியாக ஊற்றிய தினேஷைப் பிடித்தேன். அவன் நோட்டில் 'நீரின்றிச் செடி வாடியது' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. பக்கத்தில் என் டிக்.

"அது மார்க்குக்கு எழுதுனது சார். இது பாவம்னு ஊத்துனது."

வெள்ளிக்கிழமை

அன்று கல்வி அதிகாரி பள்ளியை ஆய்வு செய்ய வரும் நாள். நாற்பது நோட்டிலும் ஒரே முடிவு இருக்க வேண்டும், பவித்ரா அந்தப் பக்கத்தைக் கிழித்து மாற்றி எழுதாவிட்டால் செய்முறை மதிப்பெண் பத்தும் கிடையாது என்றார் தலைமையாசிரியை. "பாத்தத எப்டி சார் கிழிக்கிறது?" என்று அவள் நின்றாள். அவள் நோட்டை அடியில் வைத்து அடுக்கினேன்.

அதிகாரி மேலிருந்த நோட்டுகளைப் புரட்டினார். ஜன்னலைப் பார்த்தார். "வாடின செடி எதுங்க?" அடியிலிருந்த நோட்டை அவரே உருவினார். நான் அடித்த வரிக்குக் கீழே, நானே படிக்காமல் விட்ட வரி: 'மூன்றாவது செடி வாடவில்லை. மண் ஈரமாக இருக்கிறது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.' அவர் கப்பு மண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தப் பத்து மார்க்கையும் போட்டுடுங்க சார், மத்த நோட்ட என்ன பண்றதுன்னு அப்புறம் பாப்போம்."

செடியைப் பார்க்காமலே முடிவுக்கு வந்தவர்கள் அந்த வகுப்பில் மொத்தம் நாற்பது பேர்: முப்பத்தொன்பது பிள்ளைகள், ஒரு சிவப்புப் பேனா.