புதன்கிழமை எடை

இந்தக் காலத்து ஆட்களிடம் எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், போனைப் பார்ப்பார்கள். மடியில் குழந்தை வீறிட்டு அழும், கட்டைவிரல் மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்கும். இவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னால், "பெருசு, ராத்திரி மாத்திரையை மாத்திப் போட்டுட்டீங்களா?" என்பார்கள். சிரிக்கட்டும். நான் அதிகம் படித்தவன் இல்லை. கதை கட்டத் தெரியாது. பேய் பிசாசு என்று எவன் சொன்னாலும் நம்பவும் மாட்டேன். என் இரண்டு கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு குழந்தைகள் கிளினிக். பச்சைக் குழந்தைக்குத் தடுப்பூசி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை, வயசுப் பெண்களுக்கு ரத்தம் பார்ப்பது, எல்லாம் அங்கேதான். திறந்து, கூட்டித் துடைப்பது என் வேலை. எட்டு மணிக்குப் போனால் போதும். நான் ஐந்தரைக்கே போய்விடுவேன். மனைவி போய் நாலு வருஷம். மகன் மாதம் ஒரு தடவை போன் போட்டு "சாப்பிட்டீங்களா" என்பான், நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவான். அந்த வீட்டில் விழித்துக்கொண்டு படுத்திருப்பதைவிடத் தரை துடைப்பது மேல்.

புதன்கிழமை கைக்குழந்தைகளுக்கு எடை போடும் நாள். உள் அறையில் பழைய தராசு ஒன்று. மேலே தகரத் தட்டு, முன்னால் வட்ட முகம், ஒரு முள். கரண்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது.

முதல் புதன். காலை 5:40. வாசல் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். தட்டு காலி. முள் மூன்று கிலோ இருநூறில் நின்றது. மூன்று நிமிஷம் அப்படியே. பிறகு தானாகப் பூஜ்யத்துக்கு வந்தது. எலியாக இருக்கும் என்று துடைக்கப் போய்விட்டேன். மூன்று கிலோவில் எலி எங்கே இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த புதன். அதே 5:40. மூன்று நானூறு.

மூன்றாவது புதன், மூன்று எழுநூறு. தட்டின் ஓரத்தைத் தொட்டேன். இளஞ்சூடு. பால் வாசனை...

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயந்ததென்னவோ உண்மை. ஆனால் எடை ஏறியிருக்கிறதே என்று ஒரு சந்தோஷமும் வந்தது. வாரத்தில் ஒரு நாள் என்னைத் தேடி யாரோ வருகிற மாதிரி. காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன்.

நாலாவது புதன். மூன்று ஐந்நூறு.

ஐந்தாவது புதன். மூன்று இருநூறு.

அன்று நர்சம்மாவிடம் கேட்டேன்.

"எடை குறைஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"ரெண்டு வாரம் தொடர்ந்து குறைஞ்சா அன்னிக்கே கூப்பிட்டு டாக்டரம்மாகிட்ட காட்டிடுவோம் தாத்தா. விட்டா புள்ள தாங்காது. யாரு, பேரப்புள்ளையா?"

"பேரனா? என் மகனுக்குப் பொண்ணு குடுக்க எந்தக் கிறுக்கனும் இன்னும் கிடைக்கல."

சிரித்தாள். "அப்ப யார் வீட்டுப் புள்ள?"

"ஒண்ணுமில்ல. தராசுதான் கோளாறு போல."

அதோடு விட்டுவிட்டேன்.

ஆறாவது புதன். 5:40. டக்.

இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

கூடவே ஒரு முனகல்... அழக்கூடத் தெம்பில்லாத முனகல்.

கோளாறுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டுக்குக் கீழே இருந்த திருகைப் பிடித்துத் திருகினேன். முள் மெல்ல இறங்கியது... பூஜ்யம்.

முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

5:43.

முள் அசைந்தது. பூஜ்யத்துக்கும் கீழே... பின்னால் போய் முட்டி நின்றது.

தட்டில் இருந்ததை யாரோ தூக்கிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு நர்சம்மா கத்தினாள். "யாரு இதைத் திருகினது? வர்ற புள்ளைங்க எல்லாம் மூணு கிலோ குறைச்சலாக் காட்டுமே!" காலண்டர் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னேன். வாசித்தாள். சிரிக்கவில்லை. திருகைப் பழையபடி திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஏழாவது புதன். நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 5:40. ஒன்றுமில்லை. 5:43. ஆறு மணி. ஏழு. எட்டு...

முள் பூஜ்யத்திலேயே நின்றது.

நர்சம்மா செல்லரித்த பதிவேடு ஒன்றோடு வந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தியது. ஒரு குழந்தை, ஆறு புதன்கிழமை. என் தாளில் இருந்த அதே ஆறு எடை. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் எதிரே அப்போதிருந்த நர்ஸ் எழுதியிருந்தாள்: தராசு கோளாறு. ஆறாவதுக்கு எதிரே: தராசு சரிசெய்யப்பட்டது.

ஏழாவது கட்டம் காலி.

"விசாரிச்சேன். அந்தத் தாய்கிட்ட யாருமே சொல்லல தாத்தா. அடுத்த புதன் வர்றதுக்குள்ள அந்தப் புள்ள போயிடுச்சு." பதிவேட்டை மூடினாள். "நீங்க ஏன் எடை குறைஞ்ச அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? பழைய தகரம். நான் திருகினதுல சரியாயிடுச்சு. அதான் இப்ப ஆடல."

சாவியை மேஜைமேல் வைத்தேன். வாசல் அறையில் தாய்மார்கள் குழந்தைகளோடு வரத் தொடங்கியிருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தேன்.

எவன் என்ன சொன்னாலும் சரி. தராசுதான் கோளாறு.